பெயருக்குப் பதில் புள்ளிகள்

1992 இல் ஜேர்மனியில் புது 20 மார்க் தாள் வந்தபோது நான் முன்ஸ்டர் நகரில் வீடு துப்புரவாக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில் தனியாக இருந்த முதிய அம்மா ஒருவர், வேலை முடிந்ததும் கூலியைக் குசினி மேசையில் எண்ணி வைப்பார். ஒருநாள் அதில் ஒரு பச்சைத் தாள் இருந்தது. பெரிய கண்களோடு ஒரு பெண்ணின் முகம். "யார் இது, அரசியா?" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜேர்மனில் கேட்டேன். "அரசியில்லை, எங்கள் ட்ரொஸ்டெ. கவிஞர். இங்கே பக்கத்தில் ரூஷ்ஹவுஸில்தான் இருந்தார்" என்றார். தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஓர் இறகுப் பேனை, ஒரு மரம். மரம் எதற்கு என்று கேட்டதற்கு, "அது ஒரு கதை. நீயே ஒருநாள் படி" என்று சொல்லிவிட்டார். அந்தக் கதையைப் படிக்கிற அளவுக்கு மொழி வர எனக்கு வருடங்கள் எடுத்தன.

அன்னெட்டெ ஃபொன் ட்ரொஸ்டெ-ஹ்யூல்ஸ்ஹோஃப். 1797 இல் பிறந்து 1848 இல் இறந்தவர். வெஸ்ட்ஃபாலியாவின் பழைய கத்தோலிக்கப் பிரபுக் குடும்பத்துப் பெண். இந்த ஊரில் இத்தனை காலம் வாழ்ந்துவிட்டதால் அவரைப் பற்றிய பேச்சு என் காதில் நிறைய விழுந்திருக்கிறது. சுற்றுலாக் கைநூல்களிலும், நினைவு நாள் கூட்டங்களிலும், பள்ளிக்கூடத்துக் கண்காட்சிகளிலும் பெரும்பாலும் ஒரே கதைதான்: மாதம் நிறையாமல் பிறந்த நோஞ்சான் பிள்ளை, கிட்டப்பார்வை, இளமையில் ஒரு காதல் முறிவு, நடுவயதில் தன்னைவிட 17 வயது இளையவரிடம் ஒரு பற்று, கல்யாணம் இல்லை, ஏரிக்கரைக் கோட்டையில் மரணம். கேட்கிறவர்கள் 'பாவம்' என்று சொல்லிவிட்டுக் கோப்பி குடிக்கப் போகிறார்கள்.

எனக்கு இது பொறுக்கவில்லை. அவர் என்ன எழுதினார், எப்படி உழைத்து எழுதினார், அது யாருடைய பெயரில் அச்சேறியது, அதற்கு அவர் கையில் என்ன வந்தது என்ற நான்கையும் விட்டுவிட்டு ஒரு எழுத்தாளரின் வாழ்க்கையைச் சொல்ல முடியாது. ஆண் கவிஞர் என்றால் இப்படிச் சொல்லவும் மாட்டார்கள்.

முதலில் பெயர் விஷயத்தைச் சொல்கிறேன். 1838 இல் முன்ஸ்டரின் அஷென்டோர்ஃப் பதிப்பகம் அவருடைய முதல் கவிதை நூலை வெளியிட்டது. அப்போது அவருக்கு 41 வயது. சிறுமியாக இருந்தபோதே எழுதத் தொடங்கியவர். அதற்குள் ஒரு நாடகமும் ஒரு நாவலும் பாதியில் நின்றிருந்தன, நீண்ட கதைக் கவிதைகள் முடிந்திருந்தன. அந்தப் புத்தகத்தின் முகப்பில் முழுப்பெயர் இல்லை. அன்னெட்டெ எலிசபெத் என்று இருக்கும்; அதன் பிறகு 'டி', சில புள்ளிகள், 'ஹெச்', மறுபடியும் புள்ளிகள். குடும்பப் பெயர் அச்சில் வருவது கௌரவக் குறைச்சல் என்பதால் இந்த ஏற்பாடு. முன்ஸ்டரில் அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் இருப்பது யார் என்று எல்லாருக்கும் தெரியும், மறைப்பதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் மறைத்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. விற்றது 74 பிரதிகள். உறவுக்காரர் ஒருவர் அதைச் சுத்தக் குப்பை என்று சொல்ல, மற்றவர்களும் அதற்கு ஒத்தூதினார்கள் என்று ட்ரொஸ்டெ தன் அக்கா யென்னிக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். புத்திசாலியாகத் தெரிந்த பெண் எப்படி இதையெல்லாம் எழுதினாள் என்று அவர்களுக்கு ஆச்சரியமாம்.

அந்தக் குடும்பம் படிப்பறியாத குடும்பம் இல்லை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் உறைப்பது. தகப்பன் வயலின் வாசிப்பவர், செடிகொடிகளிலும் பறவைகளிலும் உயிரை வைத்திருந்தவர், நாட்டார் சகுனங்களையும் முன்னறிதல்களையும் குறித்து வைத்த மனிதர். சித்தப்பா மாக்சிமிலியான் இசையமைப்பாளர். இசைக் கோப்புக்கு அவர் எழுதிய பாடநூலை வைத்து அன்னெட்டெ தானே பாட்டுகளுக்கு மெட்டமைத்தார். தாயின் பக்கம் ஹாக்ஸ்ட்ஹவுசன் குடும்பம், கிரிம் சகோதரர்களின் நண்பர்கள். வீட்டில் பெண் பிள்ளைகளுக்கும் நல்ல கல்வி. பாடலாம், பியானோ வாசிக்கலாம், விருந்தாளிகள் வந்தால் கவிதை படித்துக் காட்டலாம். எல்லாம் வீட்டுக் கதவுக்கு உள்ளே இருக்கிறவரை பெருமை. அச்சுக்குப் போனால் மானக்கேடு.

கிரிம் சகோதரர்களின் கதையை இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியாது. வில்ஹெல்ம் கிரிம் 1813 இல் அன்னெட்டெயின் தாய்வழிப் பாட்டன் வீட்டுக்கு, பேக்கர்ஹோஃபுக்கு வந்தார். அங்கிருந்த இளம்பெண்கள் தாங்கள் கேட்டு வைத்திருந்த நாட்டார் கதைகளையும் பாட்டுகளையும் அவருக்குத் திரட்டிக் கொடுத்தார்கள். அதில் யென்னியும் உண்டு, அன்னெட்டெயும் உண்டு. உலகம் முழுக்கப் போன அந்தக் கதைத் தொகுப்பின் குறிப்புகளில் இந்தக் கதைகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், பாடர்போர்ன் பகுதியிலிருந்து, முன்ஸ்டர் பகுதியிலிருந்து என்று ஊர்ப்பெயர்தான் இருக்கிறது. கதை சொன்ன பெண்கள் ஒரு பிரதேசமாகிப் போனார்கள். அதே மார்க் தாள் வரிசையில் 1000 மார்க்கில் கிரிம் சகோதரர்கள் இருந்தார்கள், 20 மார்க்கில் ட்ரொஸ்டெ.

1820 இல் நடந்ததைக் 'காதல் முறிவு' என்று சொல்லிப் போகிறார்கள். ஹைன்றிஷ் ஸ்ட்ரவுபெ கேட்டிங்கன் நகரில் சட்டம் படித்த ஏழை மாணவர், புரொட்டஸ்டன்ட், பிரபு வம்சம் இல்லை. ஆகுஸ்ட் ஃபொன் ஆர்ன்ஸ்வால்ட் என்ற நண்பர் இடையில் வந்து அன்னெட்டெயின் மனதைக் கிளறிப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒரே கடிதத்தில் அவரோடு உறவை முறித்துக்கொண்டார்கள். தாய்வழிச் சொந்தங்களுக்கும் இதில் பங்கு இருந்தது. 23 வயதுப் பெண்ணுக்கு எதிராக ஒரு கூட்டம் சேர்ந்து செய்த காரியம் இது. பல வருடங்கள் அவர் பேக்கர்ஹோஃப் பக்கம் போகவில்லை. இதில் பாவப்பட வேண்டியது உண்மைதான். ஆனால் அதே வருடத்தில் நடந்த இன்னொன்றைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்வேன்.

பக்தியுள்ள பாட்டிக்காக ஞாயிறுகளுக்கும் திருநாள்களுக்கும் ஒவ்வொன்றாகக் கவிதை எழுதத் தொடங்கியிருந்தார் அன்னெட்டெ. எழுத எழுத அது பாட்டியிடம் கொடுக்கக்கூடியதாக இல்லாமல் போயிற்று. விசுவாசம் இருக்கவேண்டும் என்று துடிக்கிற ஒருத்தி, அது தன்னிடம் இல்லையோ என்று பயந்து எழுதிய கவிதைகள் அவை. முதல் பகுதியை அழகாகப் பிரதி எடுத்து, முன்னால் ஒரு கடிதமும் வைத்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா கடிதத்தை வாசித்தார், மனம் நெகிழ்ந்தது போல இருந்தது, பிறகு கவிதைக் கட்டை அலுமாரியில் வைத்தார். எட்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மகள் தானே போய் அதை எடுத்துக்கொண்டார். அம்மா அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தத் தொகுப்பு கிட்டத்தட்ட 20 வருடம் பாதியில் கிடந்து, 1840 அளவில்தான் முடிந்தது. அச்சில் வந்தது 1851 இல், அவர் இறந்து மூன்று வருடங்களுக்குப் பிறகு. 'ஆன்மிக ஆண்டு' என்ற அந்த நூலை விசுவாசிகளும் படிக்கலாம், விசுவாசம் இழந்தவர்களும் படிக்கலாம். சந்தேகத்தை இவ்வளவு நேர்மையாகச் சாமி முன்னால் வைத்தவர்கள் அந்த நூற்றாண்டில் குறைவு.

1826 இல் தகப்பன் இறந்தார். ஹ்யூல்ஸ்ஹோஃப் கோட்டை, நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த அந்த வீடு, தம்பி வேர்னருக்குப் போனது. மூத்தவர் யென்னி 1795, அன்னெட்டெ 1797, வேர்னர் 1798. மூத்த பெண்கள் இருவரும் அம்மாவோடு ரூஷ்ஹவுஸுக்கு இடம்பெயர்ந்தார்கள். அது கட்டடக் கலைஞர் ஷ்லவுன் தனக்காகக் கட்டிய வீடு. முன்புறம் பார்த்தால் பெரிய களஞ்சியக் கதவோடு ஒரு வேளாண் வீடு, பின்புறம் தோட்டத்திலிருந்து பார்த்தால் சிறிய மாளிகை. தன் தாழ்ந்த அறைகளை ட்ரொஸ்டெ நத்தைக்கூடு என்று அழைத்தார். பஸ் ஏறி அந்த வீட்டைப் பார்க்கப் போனபோது நான் எதிர்பார்த்தது ஒரு சிறை. பார்த்தது ஒரு வேலையறை. சன்னல், தோட்டம், சத்தம் குறைந்த வழி, ஒதுக்கிவிட்டால் போதும் என்று விடப்பட்ட நேரம். வீட்டில் நோயாளிகளைப் பராமரிக்க, உறவினர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, விருந்தாளிகளோடு உட்கார எப்போதும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். கல்யாணமாகாத அத்தைக்கு வேறென்ன வேலை என்ற நினைப்பு. அந்த இடைவெளிகளில்தான் எழுத்து.

அவருடைய கண்களைப் பற்றிச் சொல்கிறவர்கள் குறையாகச் சொல்கிறார்கள். தூரத்தில் இருப்பது எதுவும் தெரியாது. ஆனால் கண்ணருகே கொண்டு வந்தால் மற்றவர்கள் காணாததைக் காண்பார். கையில் சுத்தியலோடு கல் உடைக்கப் போவார், புதையுயிர் எச்சங்களும் கனிமங்களும் சேர்ப்பார். அவருடைய கவிதையில் ரோஜாவும் நிலவும் குறைவு. வண்டு எந்தத் தண்டில் ஊர்கிறது, சதுப்புத் தண்ணீரின் மேல் படிந்திருக்கும் படலம் என்ன நிறம், ஓடையோரத்துச் சேற்றில் எதன் கால் தடம் என்பதெல்லாம் இருக்கும். சுண்ணாம்புக் களிமண் வெட்டிய ஒரு குழியைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருக்கிறார். குழிக்குள் இறங்கிக் கிடக்கும் ஒருவர் சுற்றியிருக்கும் கற்களைப் பார்த்து, பூமி எத்தனை தடவை அழிந்து மாறியிருக்கும் என்று எண்ணி, தானே கல்லாகிப் போனதாக உணர்கிறார். மேலே ஒரு இடையன் காலுறை பின்னிக்கொண்டு, நோவாவின் வெள்ளத்தைத் தவிர வேறொன்றும் கேள்விப்படாமல் நிற்கிறான். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வந்தது 1859 இல். ட்ரொஸ்டெயின் கவிதை 1844 இல் அச்சில் இருக்கிறது. கத்தோலிக்கப் பெண் ஒருத்தி பைபிளின் காலக்கணக்கும் கல்லின் காலக்கணக்கும் ஒத்துப் போகவில்லை என்பதைத் தன் உடம்பில் உணர்ந்து எழுதிய கவிதை அது. சுற்றுலாக் கைநூலில் இதற்கு ஒரு வரி கொடுத்தால் என்ன?

என் மகள் இங்கே பள்ளிக்கூடத்தில் படித்தபோது, சதுப்பு நிலத்தைத் தனியாகக் கடக்கும் சிறுவனைப் பற்றிய ட்ரொஸ்டெயின் கவிதையை மனனம் செய்யக் கொடுத்தார்கள். இந்த நாட்டில் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மனனம் செய்யும் கவிதை அது. பள்ளிப் புத்தகத்தை இறுகப் பிடித்துக்கொண்டு ஓடும் பிள்ளைக்கு, நாணல் அசைகிற ஒவ்வொரு சத்தமும் செத்துப்போன ஒரு ஆளாகத் தெரிகிறது. நூல் நூற்கும் ஒருத்தி, திருட்டுப் பிடில்காரன், சாபம் பெற்ற இன்னொருத்தி. மகள் படுக்கையறையில் திரும்பத் திரும்பச் சொல்ல, நான் வெளியே நின்று சோறு வடித்துக்கொண்டே கேட்டேன். பல சொற்கள் விளங்கவில்லை, பயம் விளங்கிவிட்டது. சதுப்பு காலுக்குக் கீழே உறிஞ்சும் சத்தத்தையும் கொதிக்கும் சத்தத்தையும் அவர் எழுத்தொலியிலேயே கட்டியிருக்கிறார். மெட்டமைக்கத் தெரிந்தவரின் காது அது.

லெவின் ஷ்யூக்கிங் பற்றிச் சொல்ல வேண்டும், அவரை ஒதுக்க முடியாது. அவருடைய தாய் கவிஞர், ட்ரொஸ்டெயின் தோழி, 1831 இல் இறந்தார். தாயற்ற இளைஞனுக்கு ட்ரொஸ்டெ துணையாக நின்றார். யென்னி, பழைய கையெழுத்துச் சுவடிகளில் பித்தாக இருந்த ஜோசப் ஃபொன் லாஸ்பெர்க்கை மணந்து போடன்சே ஏரிக்கரையில் மேர்ஸ்பூர்க் கோட்டையில் இருந்தார். 1841 இலையுதிர்காலத்தில் ட்ரொஸ்டெ அங்கே போனார். லாஸ்பெர்க்கின் நூலகத்தைப் பட்டியலிடும் வேலைக்கு ஷ்யூக்கிங்கும் வந்து சேர்ந்தார். ஒரு குளிர்காலத்துக்குள் ஒரு தொகுப்புக்குப் போதுமான கவிதை எழுதிக் காட்டுகிறேன் என்று ட்ரொஸ்டெ பந்தயம் கட்டினாராம். கவிதை நினைத்த நேரத்தில் வராது, அதுவாக வரவேண்டும் என்று ஷ்யூக்கிங் சொன்னாராம். 1842 ஏப்ரலில் ஷ்யூக்கிங் புறப்படுவதற்குள் ஐம்பதுக்கு மேற்பட்ட கவிதைகள் எழுதி முடிந்திருந்தன. இன்று நாம் அறிகிற ட்ரொஸ்டெயின் முக்கியமான கவிதைகள் பல அந்த மாதங்களில் பிறந்தவை.

எல்லாரும் இதைக் காதலின் அற்புதம் என்கிறார்கள். பந்தயக் கதையை உலகத்துக்குச் சொன்னவர் ஷ்யூக்கிங், ட்ரொஸ்டெ இறந்த பிறகு எழுதிய நினைவு நூலில். அவர் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. அவரோடு இருந்த அந்த மாதங்கள் ட்ரொஸ்டெக்குச் சந்தோஷமாக இருந்தன என்பதற்குக் கடிதங்களே சாட்சி. ஆனால் 30 வருடமாகக் கல்லையும் புல்லையும் சொல்லையும் பழகிய ஒருத்திக்கு முதல் முறையாக முழுக் குளிர்காலமும் தொந்தரவில்லாமல் கிடைத்தது, தினமும் எழுதியதைக் கேட்டுக் கருத்துச் சொல்ல ஒரு வாசகர் கிடைத்தார். அது போதாதா காரணத்துக்கு? இதே ஷ்யூக்கிங்கும் ஃபெர்டினாண்ட் ஃப்றைலிக்றாட்டும் பெயர் போட்டு 1841 இல் வெளியிட்ட வெஸ்ட்ஃபாலியா நூலில், ட்ரொஸ்டெ கொடுத்த கதைப்பாடல்களும் வர்ணனைகளும் இருக்கின்றன. முகப்பில் இரண்டு ஆண்களின் பெயர் மட்டும். பிறகு 1846 இல், பிரபுக் குடும்பங்களைச் சாடி ஷ்யூக்கிங் எழுதிய நாவலில், ட்ரொஸ்டெ நட்பில் சொன்ன வீட்டு விஷயங்கள் வெளியே வந்தன. சொந்தங்கள் ட்ரொஸ்டெயைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். நட்பு அதோடு முறிந்தது.

1844 இல் கோட்டா பதிப்பகம், கேட்டேயையும் ஷில்லரையும் வெளியிட்ட அதே பதிப்பகம், ட்ரொஸ்டெயின் இரண்டாவது கவிதை நூலைக் கொண்டுவந்தது. இதைச் சாத்தியமாக்கியதில் ஷ்யூக்கிங்கின் முயற்சி பெரிது, அந்த நன்றியை மறுக்கக்கூடாது. முகப்பில் இந்தத் தடவை புள்ளிகள் இல்லை. முழுப்பெயர். அவருக்கு 47 வயது.

காசும் வந்தது. 1843 நவம்பரில், நூல் வெளிவருவதற்கு முன்பே, வரப்போகும் எழுத்துக் கூலியை நம்பி மேர்ஸ்பூர்க்கில் திராட்சைத் தோட்டத்தின் நடுவே நின்ற ஒரு சிறு வீட்டை ஏலத்தில் 400 ரைக்ஸ்தாலருக்கு வாங்கினார். ஃப்யூர்ஸ்டன்ஹொய்ஸ்லே என்று அதற்குப் பெயர். ஒருகாலத்தில் கொன்ஸ்டன்ஸ் ஆயருடைய இளைப்பாறும் வீடு. தோழி எலிசே ரூடிகருக்கு எழுதிய கடிதத்தில் அந்த வீட்டை ஒவ்வொரு அறையாக வர்ணிக்கிறார். எத்தனை திராட்சைக் கொடி, கெட்ட வருடத்தில் எவ்வளவு இரசம் கிடைக்கும், நல்ல வருடத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறார். கோட்டையில் பிறந்தவருக்கு அதுவரை தன் பெயரில் ஒரு கதவு இல்லை. தகப்பன் வீடு தம்பிக்கு, ரூஷ்ஹவுஸில் அம்மாவின் ஆட்சி, மேர்ஸ்பூர்க் கோட்டை அத்தானுடையது. எழுதிச் சம்பாதித்து ஒரு சுவர் வாங்கினார். உடம்பு இடம் கொடுக்காததால் அங்கே அவர் வாழ்ந்தது மிகக் குறைவு. ஆனாலும் அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வீடு துப்புரவாக்கிச் சேர்த்த காசில் முதன்முதலாக ஒரு வங்கிக் கணக்கு என் பெயரில் திறந்தவள் நான். அந்தக் கடிதத்தில் இருக்கும் கணக்கின் ருசி எனக்குத் தெரியும்.

இவரைத் தேவதையாக்கவும் எனக்கு விருப்பமில்லை. அவருக்குக் கிடைத்த நேரம் குத்தகைக்காரர்களின் உழைப்பிலிருந்து வந்தது. குறைமாதப் பிள்ளையாகப் பிறந்தபோது அவருக்குப் பால் கொடுத்து உயிர் தந்தவர் ஆல்டன்பெர்கெ ஊரைச் சேர்ந்த ஒரு நெசவாளியின் மனைவி, மரியா கதரினா பிளெட்டன்டோர்ஃப். ட்ரொஸ்டெ அவரை மறக்கவில்லை. முதுமையில் ரூஷ்ஹவுஸுக்கு அழைத்துவந்து 1845 இல் இறக்கும்வரை தானே பராமரித்தார். அந்த நன்றி உண்மையானது. ஆனாலும் அந்தத் தாயின் சொந்தப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி என் மனதில் எழாமல் இல்லை. 1848 இல் புரட்சி வெடித்தபோது அதை அவர் அச்சத்தோடுதான் பார்த்தார். பெண் எழுத்தாளர்களுக்கு அறிவுரை சொல்லும் கவிதை ஒன்றும் எழுதியிருக்கிறார். அதில் கண்ணீர்க் கவிதையும் வேண்டாம், ஆண்களைப் போல ஆடுவதும் வேண்டாம் என்கிறார். அதே ஆண்டுகளில் கோட்டை மாடத்தில் கூந்தலை அவிழ்த்துவிட்டுக் காற்றில் நிற்கும் ஒருத்தியை, போர்வீரனாகவோ வேட்டைக்காரனாகவோ பிறந்திருக்கக்கூடாதா என்று ஏங்கும் ஒருத்தியை எழுதியவரும் அவரே. இந்த முரணை அவர் தீர்க்கவில்லை. நாமும் அவருக்காகத் தீர்த்து வைக்க வேண்டியதில்லை.

அவர் முடித்த ஒரே பெரிய உரைநடைப் புனைவு, மார்க் தாளின் பின்பக்கத்து மரத்துக்குரிய கதை. 'யூதனின் பீச் மரம்' என்று தமிழில் சொல்லலாம். 1842 இல் கோட்டாவின் நாளேட்டில் 16 பகுதிகளாக வந்தது. தலைப்பு வைத்தவர் பத்திரிகை ஆசிரியர். நடந்த கதையிலிருந்து எடுத்தது: 1783 இல் பெல்லர்சன் கிராமப் பகுதியில் ஒரு யூத வியாபாரி கொல்லப்பட்டார், சந்தேகத்துக்குள்ளானவன் ஓடிப்போய், அல்ஜீரியாவில் அடிமையாக இருந்து, பல வருடம் கழித்துத் திரும்பிவந்து தூக்குப் போட்டுக்கொண்டான். அந்தக் கிராமத்தில் நீதி வழங்கும் அதிகாரம் ட்ரொஸ்டெயின் தாய்வழி முன்னோருக்கு இருந்தது. அவருடைய மாமா ஆகுஸ்ட் ஃபொன் ஹாக்ஸ்ட்ஹவுசன் 1818 இல் இதை ஒரு செய்திக் கட்டுரையாக எழுதினார். மருமகள் எழுதியது முற்றிலும் வேறு. காட்டில் மரம் வெட்டுவது ஊர்க்காரருக்கு உரிமை, சட்டத்துக்குத் திருட்டு. சட்டம் ஒன்று சொல்ல, ஊர் வழக்கம் இன்னொன்று சொல்ல, இரண்டுக்கும் நடுவில் வளர்கிறான் ஃப்றீட்றிஷ் மெர்கல் என்ற குடிகாரன் மகன். கொலை செய்தவன் யார் என்று கதை கடைசிவரை நேராகச் சொல்வதில்லை. பிரபுவின் நீதிமன்றமும் கண்டுபிடிப்பதில்லை. தன் குடும்பத்து நீதிபதிகள் உட்கார்ந்த அதே நாற்காலியைப் பற்றி, அது உண்மையைக் காணவில்லை என்று எழுத எவ்வளவு துணிவு வேண்டும்!

இந்தக் கதையில் யூதர்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்பதில் அறிஞர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது. எனக்கும் நெருடல் உண்டு. கொலையுண்டவரின் மனைவி பழிக்குப் பழி கேட்டுக் கதறுகிறார், அதைத் தாண்டி யூதர்களின் வீட்டுக்குள் கதை போவதே இல்லை. ஊரார் அவர்களைப் பரிகசிப்பது கண்டிக்கப்படாமல் போகிறது. இந்த நாட்டில் பின்னால் நடந்ததை அறிந்துகொண்டு அந்தப் பக்கங்களைச் சாதாரணமாக வாசிக்க முடியாது. பள்ளிக்கூடங்களில் இதை எடுக்கும்போது அந்த நெருடலையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பெயரை மறைக்கும் பழக்கம் ட்ரொஸ்டெ வீட்டோடு முடிந்துவிடவில்லை. எங்கள் தமிழ் ஆட்கள் வெஸ்ட்ஃபாலியாவில் நிறைய. ஹாம் நகரில் 2002 இல் காமாட்சி அம்மனுக்குப் பெரிய கோயிலே எழுப்பியிருக்கிறோம். அந்தச் சமூகத்திலும் எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கோயில் மலரில் தேவாரக் கட்டுரை எழுதினால் பெயரோடு போடுவோம், மேடையில் ஏற்றிப் படம் எடுப்போம். அதே பிள்ளை வீட்டைப் பற்றியோ, ஊரைவிட்டு வந்ததைப் பற்றியோ, தன் மனதைப் பற்றியோ எழுதினால், "எழுது பிள்ளை, ஆனால் எங்கட பெயரைப் போடாதே" என்று சொல்லும் தகப்பன்களை எனக்குத் தெரியும். அம்மாக்களையும் தெரியும், அவர்கள் சத்தமில்லாமல் அலுமாரியில் வைத்துவிடுவார்கள். ட்ரொஸ்டெ 1843 இல் ஒரு தோழிக்கு எழுதினார், இப்போது புகழ் வேண்டாம், 100 வருடம் கழித்து வாசிக்கப்பட வேண்டும் என்று. அவருக்கு அது பலித்தது. நுணுக்கி நுணுக்கி எழுதிய அந்தக் கையெழுத்தைப் படித்தறிய ஒரு கூட்டம் அறிஞர்கள் உட்கார்ந்து, 1978 முதல் 2000 வரை முழுப் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். எல்லா வீட்டு அலுமாரிக்கும் அப்படி ஆள் வரமாட்டார்கள். பிள்ளை எழுதினால் பிள்ளையின் பெயரைப் போடுங்கள்.

இப்போது நானும் மகளும் அந்தப் பீச் மரத்துக் கதையை ஜேர்மனிலிருந்து நேரே தமிழுக்குக் கொண்டுவருகிறோம். அவள் வரியைச் சொல்வாள், நான் எழுதுவேன், பிறகு சண்டை. இப்போது வந்து நிற்பது காட்டுக் காவலர் பிராண்டிஸ் போகும் இடம். மரத் திருடர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று கேட்டு ஃப்றீட்றிஷை மிரட்டுகிறார், தாயையும் சேர்த்துப் பழிக்கிறார். அவன் ஒரு பாதையைக் காட்டிவிடுகிறான். அந்தப் பாதையில் ஒரு கோடரி அவரை முடித்துவிடுகிறது. அங்கே என்ன காத்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், தாயைப் பழித்ததற்குப் பழி அது என்கிறாள் மகள். பாதி தெரியும், பாதி தெரிய விரும்பவில்லை என்கிறேன் நான். அடுத்ததாக மாமன் சிமோன், பாவமன்னிப்புக்குப் போகப் புறப்படும் அவனை வாசலில் மறித்துப் பேசும் பகுதி வருகிறது. அதையும் எழுதி முடித்த பிறகு மறுபடி வாதாடலாம் என்று விட்டிருக்கிறோம்.